ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு கேளுங்க... ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'

அசோக் பில்லர் சிக்னல்ல சிக்கினா, இறங்கி நடந்தே சாலிகிராமம் போயிடலாம்னு தோணும். அந்த நேரத்துல பலருக்கும் காதுல ஓடுறது ராஜா பாட்டுதான். ஆனா, பாடல் வரியே இல்லாத ராஜா ஆல்பம் ஒண்ணு உங்க ப்ளேலிஸ்ட்டில் இருக்கா? 1986-ல் வெளியான 'ஹவ் டு நேம் இட்?' அதுதான்.

இது ஒரு 'கான்செப்ட் ஆல்பம்'. பத்து பாட்டைச் சேர்த்துக் கட்டின தொகுப்பு இல்ல. ஒரே யோசனை முதல் ட்ராக்கிலிருந்து கடைசி வரைக்கும் ஓடும். டிஸ்கோ உச்சத்துல இருந்த 1977-ல், டோனா சம்மர் சிண்ட்ரெல்லா கதையையே டிஸ்கோவா மாத்தி 'ஒன்ஸ் அபான் எ டைம்'னு இரட்டை ஆல்பம் போட்டார். அதுக்கும் முன்னாடி 1971-ல், வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பினவன் பார்வையில மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தைச் செஞ்சார். சோல் இசையில இன்னிக்கும் பேசப்படுற ஆல்பம் அது.

நம்ம ஊருக்கு அந்த டிஸ்கோ ஜுரம் கொஞ்சம் லேட்டா வந்துச்சு. 'சகலகலா வல்லவன்' (1982) முதல் தியேட்டர்ல ஆட்டம்தான். ராஜாவும் 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு கம்ப்யூட்டர் வெச்சு இசையமைச்சார். 'மௌன ராகம்' வந்ததும் அதே வருஷம்தான். இதுக்கு நடுவுல ஹீரோ, சிச்சுவேஷன், பாடகர்னு எதுவும் இல்லாம, வயலின்களை நம்பி ஒரு ஆல்பம்!

அதை அவர் சமர்ப்பிச்சது ரெண்டு பேருக்கு. தியாகராஜர், ஜெர்மனியின் பாக். பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. நேர்ல பார்த்துக்க வாய்ப்பே இல்ல. மயிலாப்பூர்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசையும், டி.வி.கோபாலகிருஷ்ணன்கிட்ட கர்னாடக இசையும் கத்துக்கிட்ட ராஜாதான் ரெண்டு பேரையும் ஒரே அறையில உட்கார வைக்கிறார்.

எப்படின்னு ரெண்டாவது ட்ராக், 'மேட் மாட் மூட் ஃபியூக்'ல தெரியும். ஃபியூக்னா, ஒரு குரல் ஒரு மெட்டை ஆரம்பிக்கும். அது முன்னாடி போகப் போக, ரெண்டாவது குரல் அதே மெட்டோட உள்ளே வரும். அப்புறம் மூணாவது. யாரும் யாருக்காகவும் நிக்க மாட்டாங்க, ஆனா முட்டிக்கவும் மாட்டாங்க. பாக் இதுல கில்லாடி. ஒரே சமயத்துல பல மெட்டு ஓடுறது கர்னாடக சங்கீதத்துக்குப் பழக்கம் இல்லாத விஷயம். அங்கே ஒரே ராகத்தைத்தான் ஆழமா தோண்டிக்கிட்டே போவாங்க. இந்த ரெண்டும் எங்கே சேரும், எங்கே உரசும்ங்கிறதுதான் ஆல்பத்தோட சுவாரஸ்யமே.

ஏழாவது ட்ராக் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் தனி வயலினுக்காக எழுதின மூணாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை வி.எஸ்.நரசிம்மன் வாசிக்க, அதைச் சுத்தி ராஜாவின் தந்திக் கருவிகள் சேரும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை பேச விட்டுட்டு, நடுவுல நடுவுல நாம ஒரு வார்த்தை போடுற மாதிரி. எட்டாவது ட்ராக்கின் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. ரெண்டு தலைப்பையும் சேர்த்துப் படிங்க: பாக்கை என் வீட்டில் பார்த்தேன், பேசிக்கிட்டோம். அடுத்தது 'டோன்ட் கம்பேர்'. ஒப்பிடாதீங்க! எந்தப் பக்கத்து பண்டிதர்களுக்கு இந்தப் பதில்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

ஷஃபிள்ல போட்டா இந்த வாக்கியமே உடைஞ்சிடும். நான் முதல்ல கேட்டப்போ 'பேசிக்கிட்டோம்' முன்னாடியும், 'பார்த்தேன்' நாலு ட்ராக் தள்ளியும் வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஏதோ பின்னணி இசை மாதிரி கடந்துபோச்சு.

பின்னணி இசையாவும் இது ஜெயிச்சிருக்கு, அது வேற கதை. சென்னையில ஒரு வீடு கட்ட மிடில் கிளாஸ் பொண்ணு படுற பாட்டைச் சொன்ன பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்துல பாட்டே கிடையாது. இந்த ஆல்பத்தோட இசையைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார். அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். பார்த்துட்டு ஆல்பத்துக்கு வந்தீங்கன்னா, சில இடங்கள்ல பாதி கட்டின சுவர் கண்ணுக்குத் தெரியும்.

1988-லேயே ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோட 'நத்திங் பட் விண்ட்' வந்துச்சு. அதுல பாக்குக்குப் பதில் மொஸார்ட். அதையும் லிஸ்ட்ல சேர்த்துக்கங்க. ஆனா முதல்ல இது. பத்து ட்ராக்கையும் கேட்க நேரம் இல்லைன்னா, ஏழையும் எட்டையும் மட்டும், அந்த வரிசையில.