தொட்டுபொல மலை

தொட்டுபொல மலை (2,357 மீற்றர்) இலங்கையின் மூன்றாவது உயரமான சிகரம். நுவரெலியா மாவட்டத்தின் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவில், பட்டிபொல நுழைவாயிலுக்கு அண்மையில் உள்ளது. அக்கரப்பத்தனை, டயகம தேயிலைத் தோட்டங்கள் இச்சமவெளியின் வடமேற்குச் சரிவுக்குக் கீழே பரந்துள்ளன. முதலிடத்திலுள்ள பிதுருதலாகலையின் (2,524 மீற்றர்) உச்சி, ஒளிபரப்புக் கோபுரத்தோடு படையினரின் காவலில் இருக்கிறது. இரண்டாவதான கிரிகல்பொத்தைக்குப் போய்வர ஒரு பகல் முழுவதும் வேண்டும். இம்மூன்றுள் சாதாரண நடையர் காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கக்கூடியது தொட்டுபொல ஒன்றே.

பாதை ஏறத்தாழ 2 கிலோமீற்றர். தொடங்கும் இடமே 2,100 மீற்றருக்கு மேல் என்பதால் ஏற்றம் குறைவு. மூச்சு வாங்குவதற்குக் காரணம் செங்குத்தைவிட உயரமே. முதலில் குட்டை மூங்கில் புதர், அடுத்து பாசி படர்ந்த முகில்காடு, உச்சியருகே செந்நிறப் பூப் பூக்கும் ரொடொடென்ட்ரன் மரங்கள்.

இராவணனின் விமானம் இறங்கிய இடம் தொட்டுபொல என்பது சுற்றுலா வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. அதைவிடப் பழமையான சான்று கல்லில் இருக்கிறது: இச்சமவெளியில் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதரின் கற்கருவிகள் கிடைத்துள்ளன. ஊரார் ‘மகா எலிய’ என்று அறிந்திருந்த இந்த வெளியை 1834இல் ஃபிஷர், வாட்சன் என்ற இரு படை அதிகாரிகள் ‘கண்டுபிடித்து’, அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினர். பின்னர் வந்த சாமுவேல் பேக்கர் இங்கு மரைகளை வேட்டையாடினார். அவர் பெயர் ஓர் அருவியில் நிலைத்துவிட்டது. தோட்டத் துரை தோமஸ் ஃபார் கட்டிய ‘ஃபார் இன்’ விடுதியும் வேட்டைக்காரருக்காகவே எழுந்தது.

இம்மலையில் காடு இன்றும் நிற்பதற்கு வேட்டைக்காரர் காரணமல்லர். கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் அழிந்துகொண்டிருந்தபோது, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடவேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அரசுக்கு அறிவுரை கூறினார். அவ்வுயரத்துக்கு மேல் காடழிப்பு தடைசெய்யப்பட்டது. பின்னர் கோப்பி நோயில் மடிந்து தேயிலை மேலேறிவந்தபோதும் உச்சிக்காடுகள் தப்பின. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் இச்சமவெளி நீரால் ஊட்டம் பெறுகின்றன. அக்கரப்பத்தனை வழியே ஓடும் ஆக்ரா ஓயா கொத்மலை ஓயாவாகி மகாவலியில் கலக்கிறது. தலவாக்கலையில் அணை கொண்ட, 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையமும் அந்த நீரை நம்பியதே. இவ்வளவுக்குப் பிறகும் 1960களில் சமவெளியின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கு நட்டார்கள். 1969இல் அது நின்றது. அவ்வாண்டே இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்ட நிலம் 1988இல் தேசிய பூங்காவானது.

மத்திய மலைநாட்டின் பகுதியாக இப்பூங்கா 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நுழைவுச்சீட்டு கட்டாயம், பொலித்தீன் உறைகளை வாயிலிலேயே அகற்றிவிடுவர். முற்பகலுக்குப் பின் உச்சியைப் பெரும்பாலும் முகில் மூடிவிடும்.