பித்தளைக் கூடும் புல்வெளியும்

பழங்காலத்துத் துப்பாக்கிக்காரன் வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் வெவ்வேறாகச் சுமந்து சென்று, ஒவ்வொரு வேட்டுக்கும் குழலின் வாய்வழியே அவற்றை இட்டுக் கெட்டித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நிலை மாறிற்று. மருந்து, குண்டு, தீப்பொறி எழுப்பும் சிறு மூடி ஆகிய மூன்றையும் ஒன்றாக அடக்கிய பித்தளைத் தோட்டா வழக்கில் வந்தது. வேட்டின் வேகம் பெருகிற்று. ஆனால், துப்பாக்கிக்காரன் தொழிற்சாலையை எதிர்பார்த்து நிற்பவனானான்.

மருந்து எரிந்துவிடும், குண்டு பறந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் சற்றே விரிந்த நிலையில் எஞ்சும். அதனை மீண்டும் நிரப்பலாம் என்ற எண்ணத்திலிருந்தே, வீட்டில் தோட்டா செய்யும் கருவிகள் பிறந்தன. நிலையாக ஓரிடத்தில் இருந்தவர் மேசையிற் பொருத்தும் நெம்புகோற் பொறியை விரும்பினர். இடம்விட்டு இடம் அலைந்தவருக்கு, பாக்குவெட்டியை ஒத்த இரட்டைப் பிடிக் கைக்கருவியே ஏற்றதாயிற்று.

அவ்வாறு அலைந்தவருள் முதன்மையானோர் அமெரிக்கச் சமவெளியின் காட்டெருமை வேட்டைக்காரர். 1871 ஆம் ஆண்டளவில் காட்டெருமைத் தோலைப் பதனிட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய தோலாக்கும் முறை கைவந்தது. 1872 இல் டொட்ஜ் சிற்றி என்னும் ஊருக்குப் புகையிரதப் பாதை எட்டியது. தோலுக்குச் சந்தையும் வழியும் கிடைத்தன. தோட்டாக் கடையோ வேட்டைக் களத்துக்கு வெகுதூரம். ஆகவே வேட்டைக்காரர் மருந்துப் பீப்பாயையும் ஈயக்கட்டியையும் வண்டியில் ஏற்றிச் சென்றனர். பகலிற் பொறுக்கிய வெறுங்கூடுகளை இரவில் பாசறைத் தீயின் வெளிச்சத்திலிருந்து நிரப்பினர். மறுநாட் கொலைக்கு அவை ஆயத்தமாயின.

யோன் பார்லோ என்பவர் நியூ ஹேவன் நகரில் இத்தகைய கைக்கருவிகளுக்கெனவே 1884 இல் ஐடியல் கம்பெனியை நிறுவினார். அதற்குள் சமவெளி வெறிச்சோடிவிட்டது. ஒரு காலத்திற் கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகளை 1889 இல் வில்லியம் ஹோர்னடே கணக்கிட்டபோது, வட அமெரிக்கா முழுவதிலும் ஆயிரத்தைச் சற்றே கடந்த தொகையே எஞ்சியிருந்தது. அவ்விலங்கையே உணவாகவும் உடையாகவும் உறையுளாகவும் கொண்டிருந்த பழங்குடி மக்கள் வாழ்வின் ஆதாரத்தை இழந்தனர்.

இவ்வழிவுக்கு ஒரு சிறு கைக்கருவி மட்டுமே காரணமன்று. சந்தையும் புகையிரதமும் மனிதனின் பேராசையும் அதனோடு சேர்ந்தன. எனினும் சிக்கனம் எப்போதும் நன்மையே பயக்கும் என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை நினைத்தல் தகும். ஒரு பித்தளைக் கூட்டையும் வீணாக்காத அம்மனிதர், தோலை உரித்தபின் இறைச்சியை மலைமலையாக அழுகவிட்டுச் சென்றனர். வெறுங்கூட்டை மீண்டும் நிரப்பும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெறுமையான புல்வெளியை நிரப்பும் வித்தை தெரிந்திருக்கவில்லை.