தட்டி எழுப்புகிற ஆசாமி

கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்குகிறீர்கள். அந்தக் கணத்தில் லினக்ஸோ விண்டோஸோ, எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். யாராவது போய்த் தட்டி எழுப்ப வேண்டும். அந்த ஆசாமிக்குப் பெயர் 'பூட்லோடர்'. பழைய கம்ப்யூட்டர்களில், டிஸ்க்கின் முதல் செக்டரில் அவனுக்குக் கிடைத்த இடம் வெறும் 446 பைட்!

லினக்ஸ் பிறந்தது 1991-ல். அடுத்த வருஷமே வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் 'லைலோ'வை எழுதத் தொடங்கினார். 1995-ல் எரிக் போலின் 'க்ரப்'பை ஆரம்பித்தார்.

இருவரையும் காரைக்கால் பக்கம் அம்பகரத்தூருக்கு அனுப்பிப் பார்ப்போமா? லைலோவின் கையில் ஒரு சீட்டு: 'பஸ்ஸை விட்டு இறங்கு, நாற்பது அடி நட, மூன்றாவது வீடு.' கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவான். வீட்டுக்காரர் அடுத்த தெருவுக்குக் குடிபோயிருந்தால்..? பூட்டிய கதவின் முன்னால் நிற்க வேண்டியதுதான்! க்ரப் அப்படியில்லை. பத்ரகாளியம்மன் கோயில் எந்தப் பக்கம், இது என்ன தெரு என்று போர்டுகளைப் படித்தே ஆளைப் பிடித்துவிடுவான்.

நிஜத்திலும் இதே கதைதான். லினக்ஸின் கருவான 'கெர்னலை' மாற்றினால், லைலோவுக்குப் புதுச் சீட்டு எழுதித் தர வேண்டும். மறந்தீர்களோ, தொலைந்தீர்கள்! தன் பெயரை எழுத்தெழுத்தாகத் திரையில் காட்டும் லைலோ, இரண்டாவது எழுத்தோடு நின்றுவிட்டால் பாதி வழியில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். வீட்டில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் காலேஜ் புராஜெக்ட் என்றால் வயிற்றில் புளி கரைக்காதா?

2001-ல் ரெட் ஹாட் க்ரப்புக்கு மாறியது. 2009-ல் உபுண்டு, புதிதாக எழுதப்பட்ட க்ரப்-2-ஐ எடுத்துக்கொண்டது. 2011-ல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக்கின் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. 'எது வேணும்?' என்று கேட்கிற அந்த மெனுவும் பூட்லோடர் வேலைதான்!

2015-ல் லைலோவின் வளர்ச்சி நின்றுபோனது. அப்படியானால் க்ரப்புக்கே முழு வெற்றியா? அவசரப்படாதீர்கள். படிக்கத் தெரிந்தவனைப் பொய் போர்டு வைத்து ஏமாற்றலாமே! 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்ற ஓட்டை வெளியே வந்தது. க்ரப்-2 படிக்கும் அமைப்புக் கோப்பில் விஷமம் செய்தால், 'செக்யூர் பூட்' காவலையே தாண்டிவிடலாம். அவசரமாகத் திருத்தங்கள் வந்தன.

ஆக, புது கம்ப்யூட்டர் என்றால் க்ரப்-2 போடுங்கள். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். பழைய பெட்டி, கெர்னலை மாற்றுவதே இல்லை என்றால் லைலோவே போதும். எதுவானாலும், லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவை மேஜை டிராயரில் போட்டு வையுங்கள்!