மேய்ப்பர் நோயுற்றபோது

நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கவேண்டும். அவர்கள் வந்து எண்ணெய் பூசி இறைவனிடம் மன்றாடவேண்டும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் பணிக்கிறார். குருமடத்தில் இப்பகுதியை நாம் பயின்றபோது உடன் பயின்ற ஒருவர் எழுந்து, "மூப்பரே படுத்துவிட்டால் யார் யாரை அழைப்பது?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு அடுத்த வசனத்திற்குச் சென்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2020-ஆம் ஆண்டில், அந்த வினா மறுபடியும் நம் முன்னே வந்து நின்றது. இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

நம் மக்கள் குருவைச் 'சாமி' என்று அழைக்கின்றனர். அன்பு மிகுந்த சொல் அது. ஆயினும் அச்சொல்லுக்குள் ஓர் ஆபத்தும் உண்டு. சாமிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று மக்கள் எண்ணுகின்றனர். அந்த எண்ணத்திற்கு ஏற்ப நாமும் காய்ச்சலை மறைத்துக்கொண்டு பலிபீடம் ஏறுகிறோம். அதையே தியாகம் என்றும் கருதிக்கொள்கிறோம். நோயில் நாம் செல்ல மக்கள் காத்திருப்பர் என்பது நமக்குப் பழகிய முறை. மக்கள் வர நாம் காத்திருக்கும் முறை நமக்குப் பழகவில்லை.

கொள்ளைநோய்க் காலத்து மேய்ப்பர் என்றதும் திருச்சபை வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் மிலான் நகரின் பேராயராக இருந்த கர்தினால் புனித சார்லஸ் பொரோமெயோ. 1576-இல் இத்தாலியின் வடபகுதியிலுள்ள அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. ஆட்சியாளரும் செல்வரும் நகரைவிட்டு வெளியேற, அவர் தம் இறுதி விருப்ப ஆவணத்தை எழுதி வைத்துவிட்டு அங்கேயே தங்கினார். தம் இல்லத்துத் திரைச்சீலைகளையும் ஏழைகளுக்கு ஆடையாகத் தைக்கக் கொடுத்தார். மக்கள் வீடுகளுக்குள் அடைபட்டிருந்தமையால் தெருச் சந்திப்புகளில் பீடங்கள் அமைக்கச் செய்தார். சன்னலோரம் நின்றபடியே மக்கள் திருப்பலியில் பங்கேற்றனர். ஆலயத்திற்கு வர இயலாதவர்களைத் தேடித் திருப்பலியே தெருவுக்கு வந்தது. அந்த நோய்க்குத் தப்பிய பேராயர், 1584-இல் காய்ச்சலுற்று, தம் நாற்பத்தாறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

இந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் மேய்ப்பரின் பக்கமிருந்தே சொல்லி வந்திருக்கிறோம். சன்னலோரம் நின்ற மக்களின் பக்கமிருந்து அதைக் காண, அதே மிலான் நகருக்கு அருகிலுள்ள பெர்காமோ மறைமாவட்டம் 2020-இல் நமக்குக் கற்றுத்தந்தது.

புனித இருபத்துமூன்றாம் அருளப்பர் பிறந்த மறைமாவட்டம் அது. 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா பெருந்தொற்று அங்கே கொடுமையாகப் பரவியது. உள்ளூர் நாளிதழின் மார்ச்சு 13-ஆம் நாள் பதிப்பில் இறப்பு அறிவிப்புகள் மட்டும் ஏறத்தாழப் பத்துப் பக்கங்களை நிரப்பின. மார்ச்சு 18 இரவில் இராணுவ வண்டிகள் சவப்பெட்டிகளை வேற்றூர் எரியூட்டுக் கூடங்களுக்கு ஏற்றிச் சென்றன. இறுதிச் சடங்குகளுக்கு அரசு தடை விதித்திருந்தது. அம்மாத இறுதிக்குள் அம்மறைமாவட்டக் குருக்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மறைந்தனர்.

அங்கு அப்போது ஆயராக இருந்தவர் பிரான்செஸ்கோ பெஸ்கி. இப்பெயர் தமிழர் செவிக்குப் புதிதன்று. நம் வீரமாமுனிவரின் இயற்பெயரும் பெஸ்கியே. அவர் பிறந்த காஸ்திலியோனே என்னும் ஊரும் இன்றைய லொம்பார்தி மாநிலத்திலேயே உள்ளது. குருக்கள் நோயுற்றும் தனிமைப்படுத்தப்பட்டும் இருந்த நிலையில், இறக்கும் தறுவாயில் இருப்போருக்கு அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டிலேயே ஆசி வழங்குமாறு ஆயர் பெஸ்கி கேட்டுக்கொண்டார். திருமுழுக்குப் பெற்ற எவரும் அதைச் செய்யலாம் என்றார். நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனத்தை அளிக்கும் அதிகாரம் அதனால் மாறிவிடவில்லை. ஆயினும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நினைவூட்டிய இறைமக்களின் பொதுக்குருத்துவம் நூல்களின் பக்கங்களை விட்டிறங்கி நோயாளியின் கட்டிலருகே வந்து நின்றது. பாட்டியின் நெற்றியில் பேரன் சிலுவை அடையாளம் வரைந்தான். குருமட வகுப்பில் எழுந்த வினாவுக்கு ஒரு பாதி விடை அங்கே கிடைத்தது.

மறு பாதியைத் தந்தது காஸ்னிகோ என்னும் சிற்றூர். அதன் பங்குத்தந்தை யோசேப்பு பெரர்தெல்லி. எழுபத்திரண்டு வயதினர், பழைய மோட்டார் சைக்கிளில் ஊரை வலம் வந்தவர். நோயுற்று, லோவெரே என்னும் ஊரின் மருத்துவமனையில் மார்ச்சு 15-ஆம் நாளுக்கும் 16-ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில் உயிர்நீத்தார். பங்கு மக்கள் அவர் உடலைக் காணவில்லை. ஆலயத்திற்குக் கொண்டுவர முடியவில்லை. இறுதித் திருப்பலியும் இல்லை. 16-ஆம் நாள் நண்பகலில் அவ்வூர் மக்கள் தத்தம் வீட்டு மாடங்களில் வந்து நின்று கைதட்டினர். மேய்ப்பருக்கு அவர்கள் செய்ய முடிந்த இறுதிச் சடங்கு அது ஒன்றே.

சில நாள்களில் இன்னொரு செய்தி உலகெங்கும் பரவியது. மூச்சுத் திணறிய அத்தந்தைக்குப் பங்கு மக்கள் சுவாசக் கருவி ஒன்றை வாங்கித் தந்தனர் என்றும், முன்பின் அறியாத ஓர் இளம் நோயாளிக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் உயிர்துறந்தார் என்றும் செய்தித்தாள்கள் எழுதின. நாமும் அதை மறையுரையில் சொன்னோம். மக்கள் கண்ணீர் விட்டனர், நாமும் கலங்கினோம். ஆனால் அப்படியொரு கருவியை மக்கள் வாங்கித் தரவில்லை, அவர் அதை எவருக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை என்று பெர்காமோ மறைமாவட்டத் தரப்பிலிருந்து விரைவிலேயே விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தை மறையுரையில் சொன்னவர்கள் நம்முள் எத்தனை பேர்? சொல்லாமல் விட்டவர்களின் கூட்டத்தில் நாமும் இருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

ஏன் அக்கதையை அவ்வளவு விரைவாக நம்பினோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். ஒரு குரு மற்றவரைப் போலவே நோயுற்று, மூச்சுக்குத் தவித்து, எந்த அருஞ்செயலும் ஆற்றாமல் இறந்தார் என்பதை நம்மால் ஏற்க முடியவில்லை. அவர் மரணத்திற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காஸ்னிகோ மக்களுக்கோ அது தேவைப்படவில்லை. கருவியின் கதை உலகைச் சுற்றி வருமுன்பே அவர்கள் மாடத்தில் வந்து நின்றுவிட்டனர். தங்களோடு வாழ்ந்தவர் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

இதற்குத் திருவிவிலியத்தில் முன்னோடி உண்டு. உடல்நலம் குன்றிய நிலையில்தான் பவுலடியார் கலாத்தியரிடம் நற்செய்தி அறிவிக்க நேர்ந்தது. அவரது நோய் அம்மக்களுக்குச் சோதனையாக இருந்தும், அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. இறைத்தூதரை ஏற்பதுபோல் ஏற்றனர். அதை அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். திருத்தூதரையே தாங்கிய பங்கு அது. தாங்கப்படுவதற்கு அவரும் வெட்கப்படவில்லை.

2021 ஏப்ரல், மே மாதங்களில் அச்சோதனை நம் நாட்டையும் சூழ்ந்தது. நாடெங்கும் குருக்களும் கன்னியரும் பலர் மறைந்தனர். புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பேராயராயிருந்து ஓய்வுபெற்றிருந்த அந்தோனி ஆனந்தராயர் அவ்வாண்டு மே 4-ஆம் நாள் இத்தொற்றினால் இறைவனடி சேர்ந்தார். அந்நாள்களில் பங்கு இல்லத்தில் தனித்துக் கிடந்த குருக்களின் வாயிற்படியில் கஞ்சிப் பாத்திரத்தை வைத்து, கதவைத் தட்டிவிட்டு, எட்டி நின்று "சாமி, குடிச்சிட்டீங்களா?" என்று கேட்ட தாய்மார்கள் உண்டு. யாக்கோபின் வசனத்திற்கு அவர்கள் எழுதிய விரிவுரையை எந்தப் பேராசிரியரும் நமக்கு எழுதித் தரவில்லை.

அன்பார்ந்த இறைமக்களே, உங்கள் பங்குத்தந்தை நோயுற்றால் அவருக்காகச் செபியுங்கள். மருத்துவரிடம் செல்ல வற்புறுத்தவும் செய்யுங்கள். அவர் மறுத்தால், மறுப்பது தியாகமன்று என்று உரிமையோடு சொல்லுங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் உங்கள் பங்கில் பணியாற்றி மறைந்த குருக்களின் பெயர்களை வாசிக்கச் செய்யுங்கள். அவர்களைப்பற்றி உண்மையில் நிகழ்ந்தவற்றையே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாமும், தாமதமாகவேனும், அந்தத் திருத்தத்தை மறையுரையில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.