சிங்கமீனும் பேத்தையும்: சைப்ரஸ் கடலில் இரு போராட்டங்கள்

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வெட்டிய வழியில் மீன்களும் புகுந்தன. இடையிலுள்ள கசப்பு ஏரிகளின் கடும் உப்பு நெடுங்காலம் அவற்றை மறித்து நின்றது. உப்பு குறைந்து கால்வாயும் அகலமாக, மத்தியதரைக் கடலுக்குச் செங்கடல் மீன்களின் வரத்து பெருகியது. அப்படி வந்தவற்றுள் சிங்கமீனும் வெள்ளிக்கன்னப் பேத்தையும் சைப்ரஸ் மீனவர்களின் பிழைப்பையே தொட்டுவிட்டன. இரண்டும் இந்தியப் பெருங்கடலுக்கும் சொந்தமானவை. இரண்டுக்கும் நஞ்சு உண்டு. அந்த நஞ்சு உடம்பில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளைப் பிரிக்கிறது.

சிங்கமீனின் நஞ்சு முள்ளில் இருக்கிறது. முள்ளை நறுக்கிவிட்டால் சதை நல்ல வெள்ளைக்கறி. பேத்தையின் நஞ்சோ ஈரலிலும் சினையிலும் சதையிலும் பரவியிருக்கிறது. எவ்வளவு வேகவைத்தாலும் முறியாது. இஸ்ரேலில் 2005 முதல் 2008 வரை 13 பேர் இதைத் தின்று நஞ்சேறி மருத்துவமனைக்குப் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பேத்தைக் குடும்ப மீன்களின் விற்பனையையே தடைசெய்திருக்கிறது.

சேதத்திலும் வேறுபாடு உண்டு. சிங்கமீன் சத்தமில்லாமல் குஞ்சு மீன்களை விழுங்குகிறது. இந்த வேட்டைக்காரனை அறியாத உள்ளூர் மீன்கள் விலகி ஓடுவதில்லை. அட்லாண்டிக்கில் 1985-இல் புளோரிடா அருகே முதலில் தென்பட்ட சிங்கமீன், பின்னர் பகாமாஸ் பவளத்திட்டுகளில் இரண்டே ஆண்டில் இரைமீன்களின் மொத்த எடையை ஏறத்தாழ 65 விழுக்காடு குறைத்தது. பேத்தை செய்யும் சேதம் மீனவர் கண்ணெதிரே நடக்கிறது. 2003-இல் துருக்கியின் கோகோவா வளைகுடாவில் பதிவான இம்மீன், அலகுபோன்ற பற்களால் வலையைக் கிழிக்கிறது. ஆயிரங்கால் தூண்டிலின் நரம்பை அறுக்கிறது. சிக்கிய மீனையும் கடித்துப் போடுகிறது.

ஆகவே சிங்கமீனை அடுப்புக்கு அனுப்பினார்கள். 2017-இல் தொடங்கிய ரெலியன்மெட் திட்டத்தில் சைப்ரஸ் பல்கலைக்கழகம் முக்குளிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளில் ஈட்டியால் குத்திப் பிடிக்க வைத்தது. உணவகங்களிலும் இம்மீனைப் பழக்கியது. பேத்தைக்குச் சந்தை இல்லாததால் அரசே விலை கொடுத்தது. சைப்ரஸ் கிலோவுக்கு 3 யூரோ கொடுத்து வாங்கி எரித்தது. துருக்கி 2020-இன் இறுதியில் ஒரு வாலுக்கு 5 லிரா அறிவித்தது.

எந்த வழி மேல்? சந்தை வழிக்குக் கருவூலம் வேண்டாம். வேட்டை தானே நடக்கும். ஆனால் சந்தை பெரிய மீனைத்தான் கேட்கும். குஞ்சும், முக்குளிப்பவர் எட்டாத ஆழத்து மீனும் தப்பிவிடும். அழித்த இடம் சில மாதங்களில் நிரம்பிவிடும். அந்தச் சந்தையையே நம்பிப் பிழைப்பவர்கள் உருவானால், அந்த மீன் ஒழியக் கூடாது என்று நினைப்பவர்களும் உருவாவார்கள். வெகுமதி வழியில் அந்த ஆபத்து குறைவு. அதில் பணம் நின்றால் வேட்டையும் நின்றுவிடும். கிழிந்த வலைக்கும் அந்தத் தொகை ஈடாகாது.

என் மதிப்பில் இரண்டுமே ஒழிப்பு வழிகள் ஆகமாட்டா. சேதத்தை மட்டுப்படுத்தும் வழிகள். அப்படி ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டியது தெளிவாகும். சிங்கமீன் வேட்டையை இனப்பெருக்க இடங்களிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் விடாமல் நடத்த வேண்டும். அதைத் தின்னக்கூடிய களவா போன்ற பெருமீன்களை அளவுக்கு மீறிப் பிடிப்பதை நிறுத்த வேண்டும். பேத்தையால் நட்டப்படும் சிறுபடகு மீனவருக்கு வெகுமதியோடு வலைக்கான இழப்பீடும் தர வேண்டும்.

இவை எல்லாம் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைப் பெருக்கும் வேலை. கால்வாயில் மீண்டும் ஓர் உப்புத் தடையை உண்டாக்கலாம் என்று கடலறிஞர்கள் சொல்லிவருகிறார்கள். அதற்கான செலவைக் கால்வாயால் ஆதாயம் பெறும் நாடுகளும் கப்பல் நிறுவனங்களும் ஏற்பதே நியாயம். இன்று அந்த ஆதாயத்துக்கான விலையை, கிழிந்த வலையோடு கரை சேரும் மீனவர் ஒருவரே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.