குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு (இந்தியா)

குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு என்பது கொலை, பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, கொடுங்காயம் போன்ற குற்றங்களால் உயிரையோ உடல்நலத்தையோ வாழ்வாதாரத்தையோ இழந்தவர்களுக்கும், அவர்களை நம்பியிருந்த குடும்பத்தினருக்கும் அரசு தன் நிதியிலிருந்து வழங்கும் தொகையாகும். குற்றவாளியிடமிருந்து வசூலிக்கும் அபராதத்திலிருந்து இது வேறுபட்டது. குற்றவாளி பிடிபட வேண்டும் என்பதோ, தண்டனை பெற வேண்டும் என்பதோ இதற்கு நிபந்தனை அல்ல.

வரலாறு

குற்ற வழக்கில் விதிக்கும் அபராதத்தின் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்கு அளிக்கும் அதிகாரம் 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே நீதிமன்றங்களுக்கு இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357ஆம் பிரிவு அதை விரிவாக்கியது. ஆனால் குற்றவாளி தண்டிக்கப்பட்டால் மட்டுமே அப்பிரிவு பயன்பட்டது. மேல்முறையீடு இருந்தால் அது முடியும்வரை பணம் கைக்கு வராது. குற்றவாளி வசதியற்றவராக இருந்தால் உத்தரவு ஏட்டளவிலேயே நின்றது.

நியூசிலாந்து 1963இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அரசே இழப்பீடு வழங்கும் முறைக்கு வழிகாட்டியது. 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய பிரகடனத்தை ஏற்றது. இந்தியச் சட்ட ஆணையத்தின் 154ஆவது அறிக்கையும் (1996) குற்றவியல் நீதி முறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மலிமத் குழுவின் அறிக்கையும் (2003) பாதிக்கப்பட்டோர் நலனை வலியுறுத்தின. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 357ஏ பிரிவைச் சேர்த்தது. 2009 டிசம்பர் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒவ்வொரு மாநிலமும் மத்திய அரசுடன் இணைந்து இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும். தமிழ்நாடு 2013இல் தன் திட்டத்தை வெளியிட்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இதற்குரிய பிரிவு 396.

உரிமை எழும் சூழல்கள்

குற்றவாளி தரும் இழப்பீடு மறுவாழ்வுக்குப் போதாது என்று கருதினால் விசாரணை நீதிமன்றம் கூடுதல் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவைப்பட்டால் பரிந்துரை செய்யலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு விசாரணைக்கு வராத நிலையில், பாதிக்கப்பட்டவரோ சார்ந்தோரோ நேரடியாக விண்ணப்பிக்கலாம். சாட்சி பிறழ்ந்ததற்கும் புலனாய்வு தோற்றதற்கும் பாதிக்கப்பட்டவர் பொறுப்பல்லர் என்பதே இவ்விதிகளின் அடிப்படை நியாயம்.

விண்ணப்பமும் விசாரணையும்

விண்ணப்பத்தை மாவட்ட அல்லது மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் அளிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவ அறிக்கை, இறப்பு நேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், சார்ந்தோர் என்பதற்கான சான்று ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். ஆணைக்குழு விசாரித்து இரண்டு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

அவசர நிலையில் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி அல்லது நீதித்துறை நடுவரின் சான்றின் பேரில் இலவச முதலுதவிக்கும் மருத்துவ வசதிக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் ஆணைக்குழு உத்தரவிடலாம். ஆசிட் வீச்சுக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவருக்கு உடனடியாக இலவச சிகிச்சை அளிக்க வேண்டிய கடமை அரசு மருத்துவமனைகளைப் போலவே தனியார் மருத்துவமனைகளுக்கும் உண்டு. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். வழக்கின் தொடக்கத்திலேயே இடைக்கால இழப்பீட்டின் தேவையை நீதிமன்றங்கள் ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சுரேஷ் எதிர் ஹரியானா வழக்கில் கூறியது.

தொகை

தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க, பெண்களுக்கென ஒரு மாதிரித் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை ஏற்றது. அதன்படி உயிரிழப்புக்கும் கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கும் 5 முதல் 10 லட்சம் ரூபாய், பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் வழங்கப்படும். பாதிக்கப்பட்டவர் சிறுமியானால் தொகை 50 விழுக்காடு கூடும். குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்தோ விசாரணை முடிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; தகுந்த காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படும். ஆசிட் வீச்சுக்கு ஆளானவருக்குக் குறைந்தது 3 லட்சம் வழங்க வேண்டும் என்று லட்சுமி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதில் ஒரு லட்சம் 15 நாட்களுக்குள் சேர வேண்டும்.

பெண்களுக்கான மாதிரித் திட்டத்தில் வயதுவந்தவருக்கு 25 விழுக்காடு உடனடிச் செலவுக்குக் கிடைக்கும். எஞ்சிய 75 விழுக்காடு குறைந்தது மூன்றாண்டு வைப்புத்தொகையாக வங்கியில் வைக்கப்படும். கல்வி, மருத்துவம் போன்ற அவசரத் தேவைக்கு முன்னதாகவே அதை எடுக்க அனுமதி பெறலாம்.

தனிச் சட்டங்கள்

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்குகளில் முதல் தகவல் அறிக்கை பதிவான பின் எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசு பணத்தைச் செலுத்த வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்குத் தனி நிவாரண விதிகள் உள்ளன. அவற்றின்படி கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனைக்குப் பின் பாதித் தொகையும், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டபின் மறுபாதியும் தரப்பட வேண்டும்.

நடைமுறை

அறியாமையும் ஆவணத் தாமதமும் இவ்வுரிமையைப் பலருக்கு எட்டாக்கனியாக்குகின்றன. இதை உணர்ந்தே உச்ச நீதிமன்றம் 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி ஆராய்வது நீதிமன்றங்களின் கட்டாயக் கடமை என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு கோருவதற்குத் தேவையான சட்ட உதவியைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் கட்டணமின்றி அளிக்கின்றன. தேசிய உதவி எண் 15100.