1933 இலண்டன் திரவப் பளிங்குக் கலந்தாய்வும் அதன் பின்வந்த மௌனமும்

திரவப் பளிங்கு ஆய்வின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டைப் பின்பற்றுவர். 1888இல் கண்டுபிடிப்பு, 1933இல் பரடே சங்கத்தின் இலண்டன் கலந்தாய்வு, அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டு உறக்கம், 1960களில் விழிப்பு என்பதே அவ்வாய்பாடு. உறக்கத்துக்கு அவர்கள் கூறும் காரணமும் ஏறக்குறைய ஒன்றே. முக்கிய வினாக்கள் யாவும் இலண்டனிலே தீர்க்கப்பட்டுவிட்டன என்ற எண்ணம் அறிஞரிடையே பரவிற்று. எனவே ஆர்வம் குன்றிற்று என்பர். இவ்விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் ஆய்வுத்துறையொன்று தானே உறங்கித் தானே விழித்துக்கொண்டது என்பது வரலாறாகாது. இலண்டன் தொகுதியிலே எழுதியவர்களுக்கு அடுத்துவந்த பத்தாண்டுகளில் யாது நேர்ந்தது என்று வினவாமல் அம்மௌனத்தை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

இலக்கிய மாணவராகிய நாம் இத்துறைக்குள் நுழைவதற்குக் காரணமுண்டு. 1931இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்றின் இரண்டாவது சர்வதேச மாநாட்டிலே, சோவியத் தூதுக்குழுவைச் சேர்ந்த பொரிஸ் ஹெசன், நியூட்டனின் பிரின்சிபியாவுக்குரிய சமூக பொருளாதார வேர்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். படைப்பையும் அது தோன்றிய சமூகத்தையும் இணைத்து நோக்கும் எவரும் அக்கட்டுரைக்கு ஏதோவொரு வகையிற் கடன்பட்டவரே. அம்மாநாட்டினாற் பெரிதும் பாதிக்கப்பட்ட இளம் பௌதிகவியலாளர்களுள் ஜே. டி. பேர்னல் ஒருவர். ஈராண்டுகளின் பின் அதே நகரிலே திரவப் பளிங்குகள் பற்றி விவாதிக்கப்பட்டபோது எழுதியவர்களுள்ளும் அவர் இருந்தார். இவ்விரு கூட்டங்களையும் ஒருங்கே வைத்து நோக்கும் வழக்கம் இல்லை. நோக்கவேண்டும் என்பதே எமது கருத்து.

முன்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிச் செல்லலாம். 1888இல் பிராக் நகரில் தாவரவியலாளர் ரைனிற்சர் கொலெஸ்ரரைல் பென்சோவேற்று என்னும் பொருளைச் சூடாக்கியபோது அதற்கு இரு உருகுநிலைகள் இருக்கக் கண்டார். 145.5 பாகை செல்சியசில் அது கலங்கிய திரவமாயிற்று, 178.5 பாகையில் அக்கலங்கல் தெளிந்தது. அவர் தமது மாதிரிகளைச் சூடாக்கத்தக்க நுணுக்குக்காட்டி வைத்திருந்த லேமனுக்கு அனுப்பினார். பாயும் பொருளொன்று பளிங்கைப்போல முனைவாக்கிய ஒளியிற் தோற்றமளித்ததை லேமன் கண்டார். ‘பாயும் பளிங்கு’ என்ற பெயரே அக்காலத்து அறிஞர் பலருக்கு முரண்சொல்லாகப்பட்டது. இது மாசு கலந்த குழம்பேயன்றி வேறில்லை என்று தம்மன் போன்றோர் வாதிட்டனர். ஹாலே நகரிலே போர்லாண்டர் நூற்றுக்கணக்கான தூய சேர்வைகளைத் தயாரித்து, கோலுருவான மூலக்கூறுகளே இந்நிலையைக் காட்டுவன என்று நிறுவிய பின்னரே அவ்வாதம் ஓய்ந்தது. 1922இல் பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் பிரீடல் இவற்றை வகைப்படுத்தி, இழையுருவானது, சவர்க்கார உருவானது எனக் கிரேக்க வேர்ச்சொற்கள் கொண்டு பெயரிட்டார். ‘திரவப் பளிங்கு’ என்ற பெயரை அவர் இறுதிவரை ஏற்கவில்லை.

இடையிலே நிகழ்ந்த ஒரு விபரீதத்தையும் குறிப்பிடவேண்டும். லேமன் இவற்றை ‘உயிருள்ளன போலத் தோன்றும் பளிங்குகள்’ என்று எழுதினார். ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் அதற்கும் அப்பாற் சென்று 1917இல் ‘பளிங்கு ஆன்மாக்கள்’ பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். பொருள்முதல்வாதத்தின் போர்வாளாகக் கருதப்பட்டவர் பளிங்குக்கு ஆன்மாவை வழங்கியது சிந்தனை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்றாகும்.

1933 ஏப்ரலில் இலண்டனிற் கலந்தாய்வு கூடியபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்று மாதம் நிறையவில்லை. யூதரையும் அரசியல் எதிரிகளையும் அரச பதவிகளிலிருந்து நீக்கும் சட்டம் அதே மாதம் 7ஆந் திகதி ஜேர்மனியில் இயற்றப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அச்சட்டத்துக்குட்பட்டவரே. திரவப் பளிங்கு ஆய்வோ அதுவரை பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெற்று வந்த ஆய்வாகும்.

கலந்தாய்வின் மையப் பிரச்சினை யாது? கோலுருவான மூலக்கூறுகள் அண்டையயலில் ஒரே திசை நோக்கி நிற்கின்றன என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. அவ்வொழுங்கு எவ்வாறு பரந்துள்ளது என்பதிலேயே பிணக்கு எழுந்தது. ஒல்லாந்து அறிஞர் ஓர்ன்ஸ்ரைனும் ஜேர்மானியர் காஸ்ற்றும் ‘திரள்’ கொள்கையை முன்வைத்தனர். மூலக்கூறுகள் பல்லாயிரக்கணக்கிற் கூடித் தனித்தனித் திரள்களாய் நிற்கின்றன. திரளுக்குள் ஒழுங்குண்டு, திரளுக்கும் திரளுக்குமிடையே இல்லை என்பது அவர்கள் வாதம். சுவீடனைச் சேர்ந்த ஓசேன் இதை மறுத்தார். திசை இடத்துக்கிடம் தொடர்ச்சியாகவே மாறுகின்றது. வளைத்தாலும் முறுக்கினாலும் திரவம் மீள்சக்தியோடு எதிர்க்கின்றது. அதைக் கணித சமன்பாடுகளாற் கூறலாம் என்றார். சோகர் என்பாரும் இதற்கு நெருங்கிய நிலைப்பாட்டையே கொண்டிருந்தார். தீர்ப்பு அன்று வழங்கப்படவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1958இல் அதே பரடே சங்கத்தின் மற்றொரு கலந்தாய்விலேதான் பிராங்க் என்பவர் ஓசேனின் கொள்கையைச் செப்பனிட்டு மீண்டும் முன்வைத்தார். எல்லா வினாக்களும் 1933இல் தீர்ந்துவிட்டன என்ற கூற்று எத்துணை பிழையானது என்பதற்கு இதுவே போதிய சான்று.

அத்தொகுதியிலே லெனின்கிராட்டிலிருந்து வந்த கட்டுரையொன்றும் உண்டு. அதனை எழுதியோர் விசெவொலொட் பிரெடெரிக்சும் அவருடன் பணியாற்றிய சோலினா என்ற பெண் ஆய்வாளரும் ஆவர். பிரெடெரிக்ஸ் பிரபு குடும்பத்திற் பிறந்தவர், ஜெனீவாவிற் கற்றவர், முதல் உலகப்போர்க் காலத்திற் கேற்றிங்கனில் ஹில்பேர்ட்டுடன் பணியாற்றியவர். புரட்சிக்குப்பின் தாயகம் திரும்பி, பிரீட்மனுடன் சேர்ந்து சார்புக்கொள்கை பற்றி நூலெழுதினார். அவருடைய பரிசோதனை எளிமையிற் சிறந்தது. தட்டையான கண்ணாடியொன்றின்மீது குவிந்த வில்லையை வைத்து, இரண்டுக்குமிடையே திரவப் பளிங்கைப் பரப்பினார். வில்லை தொடும் நடுவிடத்திற் படலம் மெல்லியது. விலகிச் செல்லச் செல்லத் தடிப்பது. காந்தப்புலத்தைச் செலுத்தியபோது தடித்த பகுதியில் மூலக்கூறுகள் திசை திரும்பின. மெல்லிய பகுதியிற் கண்ணாடியின் பிடி வென்றது. இரண்டையும் பிரித்து நின்ற வட்டக்கோட்டை அளந்து, திருப்பத்துக்கு வேண்டிய புலவலிமை படலத்தின் தடிப்புக்கு நேர்மாறு விகிதசமமானது என்று கண்டார். பின்னர் சுவெற்கோவுடன் சேர்ந்து மின்புலத்தின் விளைவையும் ஆராய்ந்தார்.

படிப்படியாக ஏறும் புலம் ஒரு வாயிலெல்லையைக் கடந்ததும் திடீர் மாற்றம் நிகழ்கின்றது. அளவுமாற்றம் பண்புமாற்றமாகும் எனும் எங்கெல்சின் விதிக்கு இதனை எடுத்துக்காட்டாக்கும் ஆசை எம்மவருக்கு எழக்கூடும். அவ்வாசையை அடக்குதலே நன்று. கண்ணாடியின் பிடிக்கும் புலத்தின் இழுப்புக்குமிடையிலான போட்டியை ஓசேனின் சமன்பாடுகள் விளக்குகின்றன. எங்கெல்சின் பெயரைச் சேர்ப்பதால் அவ்விளக்கம் ஓரங்குலமும் ஆழமடையப்போவதில்லை.

எங்கெல்சின் பெயரை இடையறாது உச்சரித்த ஆட்சியின்கீழ் நடந்ததையே நாம் நேர்நின்று பார்க்கவேண்டியுள்ளது. 1936 ஒக்ரோபரிற் பிரெடெரிக்ஸ் கைதுசெய்யப்பட்டார். புல்கோவோ வானாய்வு நிலையத்தைச் சுற்றிப் புனையப்பட்ட சதி வழக்கிலே லெனின்கிராட்டின் வானியலாளரும் பௌதிகவியலாளரும் பலர் சிக்கினர். அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1944இல் சிறையிருப்பிலேயே காலமானார். ஹெசனோ 1936 ஓகஸ்டிற் கைதாகி, பயங்கரவாதக் குற்றஞ்சாட்டப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1931இன் குரலும் 1933இன் குரலும் ஒரே ஆண்டில் அடைக்கப்பட்டன. அதே 1936 டிசம்பரிலே, போடன், பிரி, பேர்னல், பான்குசென் ஆகியோர், புகையிலைச் சித்திரவடிவ வைரசின் கரைசல் திரவப் பளிங்காக அமைவதை இங்கிலாந்திலிருந்து அறிவித்தனர். உயிர்ப்பொருளின் ஆய்வுக்கு அது திறந்துவிட்ட வழி பெரிது.

பேர்னலைப் பற்றி நாம் கூறவேண்டியது எளிதன்று. 1939இல் வெளிவந்த ‘விஞ்ஞானத்தின் சமூகப்பணி’ என்ற அவரது நூலிலிருந்தே, விஞ்ஞானம் யாருக்காக என்று கேட்க எம்மிற் பலர் கற்றுக்கொண்டோம். சோவியத் நாட்டில் விஞ்ஞானம் திட்டமிடப்படுவதை அந்நூல் போற்றிற்று. அதற்குள் ஹெசன் மறைந்து ஈராண்டுக்கு மேலாகியிருந்தது. 1949இல் லைசெங்கோவை ஆதரித்தும் பேர்னல் எழுதினார். முதலாளித்துவம் விஞ்ஞானத்தை இராணுவத்துக்கு அடகுவைத்ததென்று அவர் கூறியது சரியே. ஆனால் அச்சரியான கூற்று மற்றைய தவறைக் காணாதிருக்க அனுமதிச்சீட்டாகாது. பகைவர் கையில் ஆயுதமாகிவிடும் என்றஞ்சி இவற்றை எழுதாதுவிட்டோர் எம்மிடையேயும் உளர். அம்மௌனத்தினால் ஆயுதம் பகைவரிடமே நிலைத்துவிட்டது என்பதை அனுபவம் காட்டியுள்ளது.

ஆகவே ‘உறக்கம்’ எனப்படுவதைக் கூறுபடுத்தி நோக்கல் வேண்டும். லெனின்கிராட்டில் மரபு முற்றாக அறுந்துவிடவில்லை. சுவெற்கோவ் 1942இலும் மூலக்கூற்று ஒழுங்கின் அளவு பற்றி முக்கியமான கட்டுரை எழுதினார். ஆனால் ஆசிரியரை அது இழந்துவிட்டது. ஹாலேயில் போர்லாண்டர் 1941இற் காலமானார். போருக்குப்பின் கிழக்கு ஜேர்மனியிலேயே அம்மரபு மீண்டும் துளிர்த்தது. எஞ்சிய நாடுகளில் இத்துறைக்கு உறுதியான புரவலர் இருக்கவில்லை.

புரவலர் பின்னர் வந்தனர். 1962இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பிரின்ஸ்ரன் ஆய்வுகூடத்தில் வில்லியம்ஸ் மின்புலத்தின் விளைவுகளைக் கண்டார். 1965இல் கிளென் பிறவுன் ஒஹையோவின் கென்ற் அரச பல்கலைக்கழகத்தில் முதலாவது சர்வதேச திரவப் பளிங்கு மாநாட்டைக் கூட்டினார். 1968இல் ஆர்.சி.ஏ. தனது காட்சிப்பலகையைப் பகிரங்கப்படுத்தியது. பிரித்தானியாவிலே ஹல் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் கிறே, அறைவெப்பநிலையில் நிலைத்திருக்கும் சேர்வைகளைப் பாதுகாப்பமைச்சின் ஒப்பந்தத்தின்கீழ் உருவாக்கி 1973இல் அறிவித்தார். அவற்றின் முதல் நுகர்வோர் கைக்கடிகார, கணிப்பான் உற்பத்தியாளர்களே. இவற்றையெல்லாம் சந்தையின் தேவை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது. பிறவுன் 1957இலேயே, சந்தை எதுவும் தோன்றுமுன், இத்துறை பற்றிய நீண்ட மீளாய்வை வெளியிட்டிருந்தார். ஆயின் ஒரு சிலரின் விடாப்பிடியை ஒரு துறையாக்கியது மூலதனமும் இராணுவமுமே என்பதில் ஐயமில்லை.

1973 டிசம்பரிலே பெங்களூரில், இராமன் ஆய்வு நிலையத்தில், சந்திரசேகர் கூட்டிய சர்வதேச மாநாடு வேறொரு புவியியலைக் காட்டிற்று. நான்காண்டுகளின் பின், 1977இல், கோலுருவன்றித் தட்டுருவான மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும் என்ற கண்டுபிடிப்பு அங்கிருந்தே வந்தது. 1976இல் ஹாலேயிற் சோஷலிச நாடுகளின் முதலாவது திரவப் பளிங்கு மாநாடு கூடிற்று.

ஸ்ராலின் மறைந்தபின், 1956இல் பிரெடெரிக்ஸ் குற்றமற்றவரென அறிவிக்கப்பட்டார். காட்சிப்பலகைகள் பலவற்றினுள்ளே இயங்குவது அவரது வாயிலெல்லைதான். பாடநூல்கள் அதனை ‘பிரெடெரிக்ஸ் மாற்றம்’ என்றே வழங்குகின்றன. அப்பெயருக்குரியவர் எந்த ஊரில் எவ்வாறு இறந்தார் என்று அவற்றுட் பெரும்பாலானவை கூறுவதில்லை. கோர்க்கி நகரில், கைதியாகவே இறந்தார்.